லிஸ்பனில் ஒரு பகல், மூட்டுவலி உள்ள அம்மாவோடு

மதுரைக்காரி:
வரும் மே மாதம் அம்மாவோடு கப்பல் பயணம் போகிறேன். போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் காலை 8 மணிக்கு நின்று மாலை 5 மணிக்குக் கிளம்புமாம். அம்மாவுக்கு வயது 68, மூட்டுவலி. நாலு படி ஏறினாலே மறுநாள் நடக்கச் சிரமப்படுவார். ஆனால் அங்கே ஆற்றோரம் இருக்கும் பழைய கோட்டையான பெலேம் கோபுரத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறார். கப்பலில் விற்கும் பஸ் சுற்றுலாவை எடுக்கவா, நாங்களே சுற்றிக்கொள்ளவா? அம்மா சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார்.

கடலோடி:
நான் என் அம்மாவை அழைத்துப்போன ஊர் இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கோபுரத்துக்காகத் தனியாக அலையவேண்டாம். கப்பல் தேஜோ ஆற்றுக்குள் நுழையும்போது இடது பக்கத்தில், தண்ணீரை ஒட்டியே கோபுரம் நிற்கும். கரை சேர ஒரு மணி நேரம் இருக்கும்போதே மேல்தளத்துக்குப் போய் இடது பக்கம் இடம் பிடித்துவிடுங்கள். அதைத் தாண்டியதும் சிவப்புத் தொங்குபாலம். ஆற்றிலிருந்து 70 மீட்டர் உயரம், ஆனாலும் புகைபோக்கி இடித்துவிடும் போலவே இருக்கும். மேலே வண்டிகள் ஓட ஓட தேன்கூட்டைக் கலைத்தது போல ஒரு ரீங்காரம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்தபடியே நின்றார்.

கப்பல் நிற்கும் இடம் அல்ஃபாமா குன்றின் அடிவாரம். மேலே ஏறாதீர்கள். ஆற்றோரமாக மேற்கே நடந்தால் சமதரைதான், மெதுவாகப் போனாலும் அரை மணிக்குள் ப்ராசா டூ கொமேர்சியு சதுக்கம் வந்துவிடும். 1755 நிலநடுக்கத்துக்கு முன்பு அரண்மனை இருந்த இடம். ஆற்றுப் பக்கம் இரண்டு கல்தூண்கள், நடுவே தண்ணீருக்குள் இறங்கும் படிகள், நம்மூர்ப் படித்துறை மாதிரியே. கடலின் ஏற்றவற்றம் அங்கேயும் உண்டு. நாங்கள் உட்கார்ந்தபோது தெரிந்த படிகளில் இரண்டு, எழுந்தபோது மூழ்கியிருந்தன. கீழ்ப்படிகளில் பாசி, கவனம். நடைபாதை முழுக்க கறுப்பு வெள்ளைச் சில்லுக்கற்கள், மழை பெய்தால் வழுக்கும். ரப்பர் அடி வைத்த செருப்பு போட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒரு காபிக் கடையில் உட்காருங்கள். கடைக்காரப் பெண்ணிடம் ஜன்னலைக் காட்டி, போர்த்துகீசிய மொழியில் என்ன என்று கேட்டேன், 'ஜனேலா' என்றார். மேசையைத் தட்டி 'மேஸா' என்றார். அம்மா தன் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினார், 'ஷாவ்'! அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்ட சின்னப் புத்தகம் ஒன்று 1554-இல் வெளியானதும் இந்த ஊரில்தான்.

தூத்துக்குடி நண்பன்:
கடலோடி சொன்னது சரி, ஆனால் பெலேமில் இருக்கும் ஜெரோனிமோஸ் மடத்தை விட்டுவிடக் கூடாது என்பேன். வாஸ்கோ ட காமாவின் கல்லறை அந்தத் தேவாலயத்தில்தான் இருக்கிறது. சதுக்கத்திலிருந்து 15-ஆம் எண் டிராம் போகிறது, கூட்டமாக இருந்தால் டாக்சி பிடியுங்கள். திங்கட்கிழமை மடம் மூடியிருக்கும்.

பெலேமில் 1837 முதல் விற்கும் கஸ்டர்ட் பலகாரம் மஞ்சள் கருவில் செய்வது, அம்மாவுக்கு ஆகாது. கால்டு வெர்டே என்ற கீரை சூப்பிலும் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டு போடுவார்கள், கேட்டு வாங்குங்கள். கப்பலுக்குள் திரும்பவேண்டிய நேரம் 5 மணிக்கு முன்பே இருக்கும், கப்பலில் தரும் அன்றைய நிகழ்ச்சித் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரைக்காரி:
எங்கள் நாள் திங்கட்கிழமைதான்! அப்படியென்றால் மடம் இல்லை, படித்துறையும் காபிக் கடையும். பஸ் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். மேல்தளத்துக்கு 6:30 மணிக்கே போய்விடுவோம். ஜன்னல் விஷயத்தை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை, அங்கே போய் அவரே கேட்கட்டும்.