லெஸ்னி காலத்து மேட்ச்பாக்ஸ் கார் கிட்டுகள்: மனத்தை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

ஜெலுத்தோங்காரன்

பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். தார்ப்பாய் விரித்து விற்கும் சீனப் பெரியவர் ஒருவரிடம், மின்விசிறி இறக்கைகளுக்கும் பழைய இஸ்திரிப் பெட்டிகளுக்கும் நடுவே ஓர் எம்ஜி டிசி கிட் கிடந்தது. பாகங்களை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் கார்தான். 1/32 அளவு. பெட்டியின் பின்பக்கத்துக் கண்ணாடித்தாள் கிழிந்திருந்தது. அதன் வழியே எட்டிப் பார்த்தேன். பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒரு பாகம்கூட வெட்டுப்படவில்லை. எண்பது வெள்ளி (ரிங்கிட்) என்றார். எல்லாப் பாகமும் இருக்கிறதா என்று மலாயில் கேட்டேன். நான் கேட்டது அவ்வளவுதான்.

பெரியவர் பெட்டியைத் திறந்தார். சட்டத்தை இடக்கையில் பிடித்துக்கொண்டு, வலக்கையால் ஒரு சக்கரத்தை முறுக்கிப் பிய்த்துத் தார்ப்பாயில் வைத்தார். அடுத்த சக்கரம். பிறகு மட்கார்டு. பிறகு ஸ்டியரிங். ஒவ்வொன்றையும் வைக்கும்போது "அடா, அடா" (இருக்கிறது, இருக்கிறது) என்கிறார். மீனின் செவுளைத் திறந்து காட்டும் மீன்காரரைப் போல, தன் சரக்கில் குறையில்லை என்று காட்டுகிற நேர்மைதான் அவரிடம் இருந்தது. "ஜாங்ஙான், அங்கிள்" (வேண்டாம், அங்கிள்) என்று நான் கையை நீட்டுவதற்குள் ரேடியேட்டர் முகப்பு அவர் விரலுக்குப் போய்விட்டது. நூல் போன்ற செங்குத்துக் கம்பிகள் கொண்ட பாகம் அது. நடுவில் முறிந்தது. முறிந்த இடம் வெள்ளை பூத்து நின்றது. அவர் இரண்டு துண்டுகளையும் அருகருகே வைத்து, "சுக்குப், செமுவா அடா" (சரியாக இருக்கிறது, எல்லாம் இருக்கிறது) என்றார்.

கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வந்தேன்.

எம்ஜி டிசிக்கு அந்த முகப்புதான் அடையாளம். 1945 முதல் 1949 வரை செய்யப்பட்ட கார். எல்லாமே வலப்பக்க ஸ்டியரிங் என்பதால் நம் சாலைக்கு அப்படியே பொருந்தியது. செபராங் பிறையில் என் தாத்தா வேலை செய்த ரப்பர் தோட்டத்தில் துரையிடம் ஒன்று இருந்தது. மூங்கில் குச்சியில் துணியைச் சுற்றி, தாத்தா முகப்பின் ஒவ்வோர் இடுக்கிலும் விட்டுத் துடைப்பாராம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு வேறு எந்தப் பாகம் உடைந்திருந்தாலும் பொறுத்திருக்கும். உங்கள் கண் முன்னே இப்படி ஏதாவது நடந்ததுண்டா?

பிரிக்பீல்ட்ஸ்வாசி

உடைந்த கதை என்னிடம் இல்லை. வேறொன்று இருக்கிறது.

அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் பிட்டர். நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். ஒரு தீபாவளி போனஸில் எனக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரு ஜாகுவார் எஸ்எஸ்100 கிட் வாங்கி வந்தார். மேட்ச்பாக்ஸ் கிட்டில் ஒரு வசதி உண்டு, தெரியும்தானே. ஒவ்வொரு சட்டமும் வேறு நிறப் பிளாஸ்டிக்கில் வரும். சாயம் பூசாமலே கார் பார்க்க நன்றாக இருக்கும். பசை மட்டும் போதும். நாங்கள் பசையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அப்பா சட்டத்தைக் கையிலிருந்து விடவில்லை.

மட்கார்டைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். உட்புறத்தில் மிளகளவுக்குச் சின்ன வட்டத் தடம் ஒன்று இருந்தது. "இது என்ன தெரியுமா? உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்தி விடுவார்கள். ஆறியதும் உள்ளிருந்து ஊசிகள் வெளியே தள்ளும். தள்ளிய இடம் இது. வெளியே தெரியாத பக்கமாகப் பார்த்து வைத்திருக்கிறான்" என்றார். பிறகு கட்டைவிரல் நகத்தை விளிம்போடு மெதுவாக ஓட்டினார். "அச்சின் இரண்டு பாதியும் சேருகிற கோடு இது. முடியளவுகூட விலகவில்லை. இதைக் கடைந்தவன் கைதேர்ந்தவன்."

நாங்கள் காரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அதைச் செய்த மனிதனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகம் அந்தக் கோட்டில் ஓடிய விதம் இன்றுவரை என் கண்ணில் இருக்கிறது.

பல ஆண்டுகள் கழித்து, மேட்ச்பாக்ஸ் செய்த லெஸ்னி கம்பெனி திவாலாகிவிட்டது என்று அவரிடம் சொன்னேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். "அச்சுகள் எங்கே போயின?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது கேட்பதற்கு அவர் இல்லை. எனக்குத்தான் அந்தக் கேள்வி மிச்சம்.

அம்பாங் ரசிகன்

ஒரு சந்தேகம். மேட்ச்பாக்ஸ் மூடிப்போன கம்பெனி என்கிறீர்கள். என் மகளுக்குப் பேரங்காடியில் மேட்ச்பாக்ஸ் கார் வாங்கிக் கொடுத்தேனே! பெட்டாலிங் ஜெயாவில் அம்கோர்ப் மால் வாரச் சந்தையிலும் இதே பேச்சுதான். "கம்பெனி இல்லை சார், இனி வராது சார்" என்று சொல்லி, சக்கரமே இல்லாத போர்ஷே 917 கிட்டுக்கு ஒருவர் முந்நூறு வெள்ளி கேட்டார். சக்கரம் எங்கே என்றேன். "கம்பெனிதான் இல்லையே" என்றார். நான் வாங்கவில்லை. ஆனால் அந்தப் பதிலுக்கு என்ன சொல்வது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

பட்டர்வொர்த் மாமா

அம்பாங் தம்பி, பெயர் வேறு, கம்பெனி வேறு. லெஸ்னி 1947இல் லண்டனில் தொடங்கியது. லெஸ்லி ஸ்மித், ரோட்னி ஸ்மித் என்ற இரண்டு நண்பர்கள் தங்கள் பெயர்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. குலப்பெயர் ஒன்றுதான், உறவு கிடையாது. மேட்ச்பாக்ஸ் வரிசை 1953இல் வந்தது. பிளாஸ்டிக் கிட்டுகள் 1970களில்தான் வந்தன. 1978இல் அமெரிக்காவின் ஏஎம்டி என்ற கிட் கம்பெனியையும் லெஸ்னி வாங்கியது. 1982 ஜூனில் திவாலானது. ஹாங்காங்கின் யுனிவர்சல் என்ற பொம்மைக் கம்பெனி அதை வாங்கியது. 1992இல் டைக்கோ, 1997இல் மேட்டல் என்று பெயர் கைமாறியது. உங்கள் மகளிடம் இருப்பது மேட்டலின் கார். பிரிக்பீல்ட்ஸ் நண்பரே, கிட் அச்சுகளில் பல, பின்னாளில் ஜெர்மனியின் ரெவெல் கிட் கம்பெனியின் கைக்குப் போயின. சில விமானக் கிட்டுகள் ரெவெல் பெட்டியில் மறுபடி வெளிவந்தன. உங்கள் அப்பா கேட்டது சரியான கேள்வி. கம்பெனி செத்தாலும் எஃகு அச்சு சாகாது.

என் அனுபவம் சின்னது. பெட்டியில் ஏஎம்டி, மேட்ச்பாக்ஸ் என்று இரண்டு பெயரும் போட்ட பழைய ஃபோர்டு ஒன்று என்னிடம் வந்தது. மேலுறை பிரிக்காதது. பிரித்தேன். ஒரு டயரை எடுத்தேன், முன்கண்ணாடி கூடவே வந்தது. ஒட்டிக்கொண்டிருக்கிறது. இழுத்துப் பிரித்தபோது கண்ணாடியில் டயரின் வரிகள் பதிந்து குழி விழுந்திருந்தன. யார் கையும் படாத பெட்டிக்குள் இப்படி நடந்திருக்கிறது.

எல்லோரும் இதைக் கவனிக்க வேண்டும். அந்த டயர் மென்மையான பிவிசி பிளாஸ்டிக். அதை மென்மையாக்கக் கலந்திருக்கும் எண்ணெய்ப் பொருள் நாளாக நாளாக வெளியே கசியும். மற்றப் பாகங்களின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் மேல் பட்டால் அதை உருக்கும். சூடு கூடினால் வேகமும் கூடும், நம் ஊர்ச் சூட்டைக் கேட்கவே வேண்டாம். பெட்டி கைக்கு வந்த அன்றே டயர்களைத் தனியாக ஒரு பாலிதீன் பையில் போடுங்கள். கண்ணாடிப் பாகங்கள் வேறு பையில். செய்து முடித்த காரிலும் டயருக்கும் சக்கரத்துக்கும் நடுவே மெல்லிய அலுமினியத் தாள் வையுங்கள். டெக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படத்தாள்) மஞ்சளாகியிருந்தால் நெகிழிப் பையில் போட்டு வெயில் படும் சன்னல் கண்ணாடியில் ஒட்டுங்கள், சில நாளில் வெளுக்கும். ஆனால் நனைப்பதற்கு முன் அதன் மேல் டெக்கல் திரவம் ஒரு பூச்சுப் பூசியாக வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரில் போட்டதும் நூறு துண்டாகும். மேலுறையை அப்படியே விடுவதுதான் மதிப்பு என்று சிலர் சொல்வார்கள். அந்த உறை சுருங்கிச் சுருங்கிப் பெட்டியையே வளைக்கும். நான் எல்லாவற்றையும் பிரித்துவிடுகிறேன். கூரைக்கு அடியில் வைக்காதீர்கள். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பை போடுங்கள், மறக்காமல் மாற்றுங்கள்.

ஜெலுத்தோங் தம்பிக்கு ஒன்று. முறிந்த முகப்பைக் கெட்டிப் பசையால் ஒட்டாதீர்கள். தண்ணீர் போன்ற கரைப்பான் பசையை மெல்லிய தூரிகையில் தொட்டு, முறிவில் ஒரு சொட்டு விடுங்கள். அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

செந்தூல் தம்பி

மாமா, கோபித்துக்கொள்ளக் கூடாது. ஜெலுத்தோங் அண்ணன் கேட்டது டயரைப் பற்றி அல்ல. அவர் முகப்பை ஒட்டத் தெரியாமல் எழுதினார் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

பை, சிலிக்கா என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தனையும் செய்த மனிதரின் வீட்டுக்கு நான் போனேன். செந்தூலில் காலமான ஒரு தமிழாசிரியர். ஆள் மூலம் செய்தி வந்தது. மகன் அறையைத் திறந்து காட்டினார். அலமாரியில் முதுகு தெரிய அடுக்கிய பெட்டிகள், தூசுகூட இல்லை. மேலே இருந்த ஆஸ்டன் மார்ட்டின் அல்ஸ்டரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். முன்பக்க அட்டை மட்டும் என் கைக்கு வந்தது. படத்தில் கார் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் பெட்டி என்று எதுவும் இல்லை. கரையான்.

சுவரிலிருந்து வந்து, அலமாரியின் பின்பலகையைத் துளைத்து, அட்டையையும் விளக்கத்தாளையும் டெக்கல் தாளையும் தின்று தீர்த்திருந்தது. பிளாஸ்டிக்கைத் தொடவில்லை. சட்டங்களின் மேல் மண் பாதைகள் கிளை கிளையாக ஓடின. கண்ணாடிப் பாகத்தின் மேலும் ஒரு மண்கோடு. மகன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். இருவரும் வாசலில் உட்கார்ந்து கழுவினோம். மண் கரையக் கரைய, மட்கார்டு, சக்கரம், இருக்கை எல்லாம் நேற்று அச்சிலிருந்து எடுத்தவை போல வெளியே வந்தன. நான்கைந்து கிட்டுகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. நிறத்தை வைத்தும் சட்டத்தில் உள்ள எண்ணை வைத்தும் பிரித்தோம்.

பிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கேட்டார்: "அப்பா ஏன் இதில் ஒன்றைக்கூடச் செய்து பார்க்கவில்லை?" அவர் என்னைவிட மூத்தவர். சேகரிப்பவன் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டார். நான் கையிலிருந்த சட்டத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அந்த அல்ஸ்டரின் விளக்கத்தாள் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். அவருக்கு அதைச் செய்து கொடுக்க வேண்டும்.

ஆயர் ஈத்தாம் அக்கா

தம்பி, செய்யாமல் வைத்திருப்பதும் ஆசைதான். ஆசிரியர் ஓய்வு பெற்ற பிறகு செய்யலாம் என்று வைத்திருப்பார். என் அண்ணனும் அப்படித்தான். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது, "நான் திரும்பி வந்து செய்கிறேன், யாரும் தொடக் கூடாது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"சூராட் காபார் லாமா" (பழைய செய்தித்தாள்) என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு லாரி வருமே. ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறேன். லாரி எங்கள் தெருமுனையில் திரும்புகிறது. கட்டுக் கட்டான செய்தித்தாளுக்கு மேலே அண்ணனின் புகாட்டி 59 பெட்டி. மழைக்காலம் வருகிறது என்று அம்மா கட்டிலுக்கு அடியைச் சுத்தம் செய்திருக்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. அவர் கண்ணுக்கு அது அட்டைப்பெட்டிதான்.

கைப்பையோடு ஓடினேன். காய்கறிக்கடை வாசலில் லாரி நின்றது. எல்லாப் பெட்டிகளையும் நானே இறக்கினேன். லாரிக்காரர் ஒன்றும் பேசவில்லை. கொக்கித் தராசை எடுத்தார். பெட்டிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு நிறுத்தார். அம்மாவுக்குக் காகித விலையாக எவ்வளவு கொடுத்தாரோ அதே கணக்கில் என்னிடம் வாங்கிக்கொண்டார். ஒரு காசு கூட்டவில்லை, குறைக்கவில்லை. புகாட்டி அந்தத் தராசில் ஆடிக்கொண்டிருந்ததை நான் மறக்கவே மாட்டேன். அண்ணன் இதுவரை ஒன்றும் செய்யவில்லை. கேட்டால் "அடுத்த விடுமுறை" என்கிறார்.

இதற்கெல்லாம் மதிப்பு, விலை என்று பேசுகிறவர்களோடு எனக்குப் பேச ஒன்றும் இல்லை. அம்பாங் தம்பி, அந்தப் போர்ஷே விற்றவருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டீர்களே. ஒன்றும் சொல்ல வேண்டாம், நடந்துவிடுங்கள்.

பட்டர்வொர்த் மாமா

செந்தூல் தம்பி, கோபம் இல்லை. ஆனால் டயர் விஷயத்தை யாரும் கேட்கும்வரை காத்திருக்க முடியாது. கேட்கிற நாளில் கண்ணாடி உருகியிருக்கும்.

அல்ஸ்டர் தாள் என்னிடம் இருக்கிறது. கழுவிய சட்டங்களை வெயிலில் காய வைக்காதீர்கள், மெல்லிய பாகங்கள் வளையும். நிழலில் துணி விரித்துக் காய வையுங்கள். சக்கரங்களை ஒட்டும் முன் எல்லாப் பாகத்தையும் பசையில்லாமல் ஒரு முறை பொருத்திப் பாருங்கள். ஆசிரியரின் மகனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், ஒரு பாகமாவது அவர் ஒட்டட்டும்.

பினாங்குப் பக்கம் வரும்போது சொல்லுங்கள், பெர்ரி முனையத்துக்கே நான் வருகிறேன். நகல் எடுத்துத் தருகிறேன். மூலத்தாளைக் கேட்காதீர்கள், தர மாட்டேன்.