வாவிக்கரைப் பழைய பட்டறைக் காணி: ஜனவரி அளவீட்டை மட்டும் நம்பலாமா?

எழுவான்கரை (கேள்வி):
மட்டக்களப்பு வாவியின் நகரப் பக்கக் கரையில் எங்கள் குடும்பத்துக்கு 40 பேர்ச் காணி உண்டு. படகு இயந்திரம் திருத்தும் பட்டறை அங்கு நெடுங்காலம் நடந்தது. டீசல் தாங்கி நிலத்துக்குள் இருந்தது. தாங்கியைத் தோண்டி எடுத்துவிட்டு, விருந்தினர் விடுதி கட்டும் எண்ணத்துடன் நிலத்தடி நீர் அறிக்கை ஒன்றைப் பெற்றோம். அவர்கள் மூன்று கண்காணிப்புக் குழாய்களில் ஜனவரியில் ஒரே நாளில் நீர்மட்டம் எடுத்து, வாவியின் மட்டத்தை மாறாத எல்லையாக வைத்துக் கணினி மாதிரியுரு ஓட்டி, மிதக்கும் எண்ணெய் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். நிறந்தீட்டிய வரைபடங்கள் அழகாகவே உள்ளன. ஆனால் ஆவணி மாதத்தில் எங்கள் கிணற்றில் வாளியை விட்டு இழுத்தபோது, நீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் சுழன்றதை நானே கண்டேன். எதை நம்புவது? கரையோரம் எஃகுத் தகட்டுச் சுவர் இறக்கினால் போதும் என்ற அவர்களின் யோசனை சரியா?

மணற்படுகை:
ஐயா, இரண்டுமே உண்மையாக இருக்கலாம். டீசல் நீரிலும் இலேசானது. நிலத்தடி நீரின் மேலேயே தங்கும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது அதுவும் கூடவே இறங்கி வழியெங்கும் மணலில் பூசிக்கொள்ளும்; வடகீழ்ப் பருவமழையில் நீர் ஏறும்போது, மணல் துளைகளுக்குள் நீருக்கு அடியில் சிக்குண்டு, குழாய்க்குள் வராமல் நின்றுவிடும். ஆகவே ஜனவரியில் எண்ணெய் தெரியாததை வைத்து எதுவும் முடிவு செய்ய இயலாது. ஆவணி, புரட்டாதியில் மீண்டும் அளக்கச் சொல்லுங்கள்.

என்னை அதைவிட உறுத்துவது அந்த மாறாத எல்லைதான். ஓர் ஒப்பீடு: அமெரிக்காவின் சியாட்டிலில் 1956 வரை இயங்கிய எரிவாயு ஆலைக் காணி 1975இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அதன் ஓரத்து யூனியன் ஏரியைக் கடலோரத்தில் படகுகளை ஏற்றி இறக்கும் நீர்க்கதவு அமைப்பு ஏறக்குறைய இரண்டு அடி வீச்சுக்குள் நிறுத்திவைக்கிறது. அங்கே மாறாத எல்லை ஓரளவு பொருந்தும். நம் வாவியோ மழைக்கு ஏறிக்கொண்டே போய், மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்கள் மூழ்கும் வேளையில், கடலோடு சேரும் முகத்துவாரத்தின் மணல்திட்டை வெட்டியதும் சட்டென்று இறங்கும். மணலின் புகவிடுமியல்பு (நீரை ஊடுசெல்லவிடும் திறன்) நாளுக்கு 10 மீற்றர், நுண்துளைமை (மணலில் துளைகளின் பங்கு) 0.25 என்று கொண்டால், 100 மீற்றருக்கு 20 சென்ரிமீற்றர் சரிவில் நீர் நாளுக்கு 8 சென்ரிமீற்றர் நகரும். வாவி இறங்கிக் கரையோரச் சரிவு ஐந்து மடங்கானால் அது 40 ஆகும். நீரில் கரைந்த பென்சீன் போன்றவை மணலில் ஒட்டிச் சற்றுத் தாமதித்தாலும், வாவியை நோக்கி அவை விரைவது அந்த நாட்களில்தான். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் மொட்ஃப்ளோ என்ற நிலத்தடி நீர் மாதிரியுரு மென்பொருள் இலவசமானது. காலத்தோடு மாறும் எல்லையை அதில் கொடுப்பது பெரிய வேலையுமல்ல. கொடுப்பதற்கு அளவீடு வேண்டும், அவ்வளவுதான்.

கிணற்றடி:
சுவரைப் பற்றி ஒரு சொல். வரும் நீரைச் சுவர் மறித்தால், அது பின்னால் தேங்கி மட்டம் உயர்ந்து, இரு முனைகளையும் சுற்றி அயல் காணிகளுக்குள் போகும். அயலவரின் கிணறு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சுவரைச் சேர்த்தும் சேர்க்காமலும் மாதிரியுருவை ஓட்டிக் காட்டாதவரை அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

அத்திவாரக் குழியில் நீர் இறைப்பதும் சிக்கலானது. உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படையில் மட்டத்தை ஒரு சென்ரிமீற்றர் குறைத்தால், கடல்நீரின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிடும்போது, அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் மேலெழும். 2004 டிசம்பர் 26க்குப் பின் கிணறுகளைத் துப்புரவாக்க வேண்டி விடாமல் இறைத்த இடங்களில் உப்பு கூடியதே இதற்குச் சாட்சி. இறைப்பு எண்ணெயையும் குழிப்பக்கம் இழுக்கும்.

எழுவான்கரை:
இருவருக்கும் நன்றி. சுவரை நிறுத்திவைத்துவிட்டேன். எங்கள் இறங்குதுறைக் கட்டையில் அடையாளமிட்ட அளவுகோலை ஆணியடித்து, நாள்தோறும் காலையில் வாவி மட்டத்தைக் குறித்துவந்தால் போதுமா?

மணற்படுகை:
போதும், முகத்துவாரம் வெட்டும் நாட்களில் மட்டும் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை குறியுங்கள், அதே நேரங்களில் மூன்று குழாய்களிலும் நாடா இறக்குங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: அளவுகோலின் பூச்சியத்தையும் குழாய் வாய்கள் மூன்றையும் நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு ஒரே மட்டக்குறியுடன் இணைத்துவிடுங்கள். இங்கே சரிவே சில சென்ரிமீற்றர்கள்தான். குழாய் வாயின் உயரத்தில் ஒரு விரற்கடை பிழைத்தால் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதே தலைகீழாகிவிடும்.