4×2×2 பிளைவுட் கூண்டு, பியர்டட் டிராகனுக்கு: ஒரே ஷீட் போதுமா?

ஓணான்பிரியன்:
வளர்ந்த பியர்டட் டிராகன் (ஆஸ்திரேலியப் பல்லி வகை) ஒண்ணுக்கு 4 அடி நீளம், 2 அடி ஆழம், 2 அடி உயரத்தில் கூண்டு செய்யப் போறேன். ஊர் திருச்சி. முன்னாடி ஸ்லைடிங் கண்ணாடி. 8×4 ஷீட் ஒண்ணு போதுமா? உள்ளே என்ன பூசுறது? காத்துக்குத் துளை எங்கே போடணும்? கூரை முழுக்க வலையே அடிச்சிடலாமா?

உப்புத்தாள்:
18 மி.மீ. ஷீட் ஒண்ணு கச்சிதமா போதும். ஐஎஸ் 710 (தண்ணி தாங்கும் மெரைன் பிளைவுட்) முத்திரை பார்த்து வாங்குங்க. எம்.ஆர்.னு வர்ற, ஈரம் மட்டும் ஓரளவு தாங்கும் ரகத்தில் தண்ணி பட்டா ஓரம் உப்பிக்கும்.

கடையிலேயே 4×2 ஆக நாலு துண்டு போட்டுக்கங்க. தரை, கூரை, முதுகு (பின்பலகை)னு மூணு. நாலாவதைப் பாதியா அறுத்தா ரெண்டு பக்கம். பக்கப் பலகை தரைமேல் உட்காரும், முதுகு அது ரெண்டுக்கும் நடுவில் போகும். அதனால முதுகில் மட்டும் 36 மி.மீ. குறைக்கணும். ஒவ்வொரு அறுப்புக்கும் ரம்பம் 3 மி.மீ. வரை தின்னுடும். அதனால '4 அடி'ன்னு நம்பாம, தரைப் பலகையை அளந்து அதுல ரெண்டு பலகைத் தடிமனைக் கழிச்சு அறுங்க.

ஸ்குரூ 8ஆம் நம்பர், 40 மி.மீ., 15 செ.மீ.க்கு ஒண்ணு. முதல்ல 2.5 மி.மீ. துளை போடாம முறுக்கினா பலகையோட ஓரம் பிளந்துக்கும்.

முன்பக்கம் கீழே 4 அங்குலம், மேலே 3 அங்குலம் மரச்சட்டம் தனியா வாங்கணும், ஷீட்டில் மிச்சம் வராது. கண்ணாடி ஓடுற மேல் சேனல் 12 மி.மீ. ஆழம், கீழ் சேனல் 5 மி.மீ. கண்ணாடியை மேலே தூக்கிக் கீழே இறக்குறதுக்குத்தான் இந்த வித்தியாசம். ரெண்டையும் மாத்தி ஒட்டினா கண்ணாடி உள்ளேயே போகாது. சேனலை ஒட்டின பிறகு, கீழ்க் குழியின் அடியிலிருந்து மேல்க் குழியின் உச்சி வரை அளந்து 6 மி.மீ. கழிச்சதுதான் கண்ணாடி உயரம். ரெண்டு கண்ணாடியும் நடுவில் ஒரு அங்குலம் ஒண்ணுமேல ஒண்ணு வரட்டும். 5 மி.மீ. கண்ணாடி, ஓரம் பாலிஷ் போட்டது.

வெயில்காயும்பல்லி:
கூரை முழுக்க வலை வேண்டாம்னு படிக்கிறதெல்லாம் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரங்க எழுதினது. அவங்களுக்குச் சூடு வெளியே போயிடக் கூடாது. திருச்சியில் மே மாசம் சூட்டை வெளியேத்துறதுதான் பாடு. தெர்மோஸ்டாட் (சூட்டைப் பார்த்து இயங்கும் சுவிட்ச்) வெப்ப பல்பை அணைக்கும், அவ்வளவுதான், குளிர வைக்காது.

அதனால நடுவழி: பல்பு இருக்கிற பக்கம் முதுகில் மேலே 50 மி.மீ. துளை நாலு, எதிர்ப்பக்கம் கீழே நாலு. காத்து கீழே நுழைஞ்சு, சூடாகி மேலே போயிடும். கூடவே குளிர்ப் பக்கக் கூரையில் 18×9 அங்குலத்துக்கு ஒரு வலைச் சன்னல். வலைக்கண் 2 மி.மீ.க்குள் இருக்கட்டும், இல்லேன்னா தீனிக்கு விடுற குட்டிச் சில்வண்டு தப்பிச்சு, வளர்ந்து வீடு முழுக்கப் பாடும்.

வெயில் காயும் கல்லின் மேல்பரப்பு 40 முதல் 42 டிகிரி, குளிர்ப் பக்கம் 24 முதல் 28. அறையே 35ஐத் தாண்டினா வெப்ப பல்பை நிறுத்திட்டு யுவிபி (புற ஊதாக் கதிர்) குழல் மட்டும் எரியட்டும், அறைக்கு ஏசி பாருங்க. குழலை வலைக்கு மேலே வைக்காதீங்க, மூணுல ஒரு பங்கு கதிர் அங்கேயே போயிடும். கூரைக்கு உள்ளே, பல்லியின் முதுகிலிருந்து 30 முதல் 38 செ.மீ. உயரத்தில் டி5 ரக ஒல்லிக் குழல். பல்புக்கும் பலகைக்கும் 15 செ.மீ. இடைவெளி, ஹோல்டர் பீங்கான்தான்.

உப்புத்தாள்:
வலைச் சன்னல் சரிதான். ஆனா கூரையை வெட்டினா நடுவில் தொய்யும், சன்னலுக்கும் பல்புக்கும் நடுவே குறுக்க ஒரு ரீப்பர் கொடுங்க.

பூச்சு கேட்டீங்களே: தண்ணியில் கரையும் பாலியூரித்தேன் கிளியர், மூணு கோட். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல 320 நம்பர் உப்புத்தாளால தேய்ங்க. வெட்டின ஓரத்துக்கும் துளையின் உள்விளிம்புக்கும் ஒரு கோட் கூட, ஈரம் நுழையறது அங்கேதான். இடுக்கை அடைக்கிற சிலிக்கோன் பசை கடைசியில். முதல்ல போட்டா அதுமேல பூச்சு பிடிக்காது. பூஞ்சைக்கொல்லி கலக்காத சிலிக்கோனா பாருங்க.

ஓணான்பிரியன்:
பூச்சு மறுநாளே காஞ்சிடுமாமே, உடனே விடலாமா?

உப்புத்தாள்:
தொட்டா ஒட்டாது, அவ்வளவுதான். ரெண்டு வாரம் திறந்து போடுங்க. அப்புறம் பல்பைப் போட்டு மூணு நாள் காலியா ஓட்டுங்க. சூடானதும் மூக்கை உள்ளே விட்டுப் பாருங்க, லேசா வாசம் வந்தாலும் இன்னும் ஒரு வாரம்.

வெயில்காயும்பல்லி:
கால் வச்ச ஸ்டாண்டுல வச்சா நாலு காலுக்கும் தண்ணிக் கிண்ணம். மிச்சப் புழுவுக்கு எறும்பு வந்துடும்.