மியூனிக் வாடகைக் காரில் மாண்டினீக்ரோ போக வழி உண்டா?

வணக்கம். செப்டம்பர் 5 முதல் 18 வரை மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க், லுப்லியானா, சாதர், டுப்ரோவ்னிக் வழியாக மாண்டினீக்ரோவின் கோட்டோர் வரை காரில் போகிறோம். டீசல் ஸ்கோடா ஆக்டேவியா, முன்பணம் கட்டியாகிவிட்டது. நானும் மனைவியும் ஓட்டுவோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா பின்சீட்டில்.

நேற்றுதான் ஒப்பந்தத்தைப் படித்தேன். நாலாம் பக்கத்தில், பொடி எழுத்தில், 'ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு மட்டும்' என்று இருக்கிறது. குரோஷியா வரை சரி, மாண்டினீக்ரோ ஒன்றியத்தில் இல்லையே. மீறிப் போனால் காப்பீடு செல்லாது என்கிறார்கள். அந்த ஆபத்துக்கு நான் தயாராக இல்லை.

கூடுதல் கட்டணம் தருகிறேன் என்று கேட்டேன், முடியாது என்றார்கள். வேறு மூன்று நிறுவனங்களிலும் விசாரித்தேன். ஒருவர் போனில் சரி என்றார், அப்புறம் மெயிலில் மறுத்துவிட்டார். டுப்ரோவ்னிக்கிலிருந்து பஸ் இருக்கிறது. ஆனால் எல்லையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டி வந்தால் அம்மாவின் முழங்கால் தாங்காது. கோட்டோர் வளைகுடாவைப் படத்தில் பார்த்ததிலிருந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார், விட மனசில்லை.

விசாவில் சிக்கல் இல்லை: பெற்றோருக்கு மல்டிபிள் என்ட்ரி ஷெங்கன், எங்களுக்கு ஜெர்மன் வதிவிட அட்டை. ஆஸ்திரியா, ஸ்லோவேனியா விக்னெட்டும் (நெடுஞ்சாலைக் கட்டண வில்லை) பார்த்துக்கொண்டேன்.

மியூனிக் காரை டுப்ரோவ்னிக்கில் நிறுத்திவிட்டு, அங்கேயே இரண்டு நாளுக்கு வேறு கார் எடுத்து, எழுத்துப்பூர்வ அனுமதியோடும் கிரீன் கார்டோடும் (வெளிநாட்டில் செல்லும் கார் காப்பீட்டுச் சான்று) எல்லை தாண்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?