சம்பா மூழ்கினால் நிவாரணம்: 33 சதவீதம், கூட்டுப் பட்டா, கோயில் குத்தகை

கடைமடை:
வணக்கம். கீழ்வேளூர் வட்டம். சம்பா நெல், சி.ஆர். 1009 சப் 1 ரகம், நேரடி விதைப்பு, மூன்றரை ஏக்கர். வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்து, மழை விட்ட பிறகும் வயலில் தண்ணீர் முழங்கால் அளவு நிற்கிறது. ஒன்றரை ஏக்கர் தாத்தா பெயரில் உள்ள கூட்டுப் பட்டா, இரண்டு ஏக்கர் கோயில் நிலம், குத்தகை. பயிர்க் காப்பீடும் கட்டியிருக்கிறது. நிவாரணம் எவ்வளவு வரும், யாரிடம் என்ன கொடுக்க வேண்டும்? காப்பீடு இருந்தால் நிவாரணம் இல்லை என்கிறார்கள், உண்மையா? தண்ணீர் வடிந்ததும் யூரியா போட்டுப் பயிர் தேறிவிட்டால் கணக்கெடுப்பில் விட்டுவிடுவார்களா?

வெண்ணாறு:
முதலில் தொகை. 2022-23 முதல் 2025-26 வரைக்கான பேரிடர் நிவாரண நிதி விதிப்படி 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமானால், பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. 2024 ஃபெஞ்சல் புயலுக்கும் தமிழக அரசு இதே தொகையைத்தான் அறிவித்தது. ஒரு விவசாயிக்கு 2 ஹெக்டேர் வரைதான். ஏக்கருக்குப் பிரித்தால் ஏறத்தாழ 6,880. உங்கள் மூன்றரை ஏக்கருக்கு 24 ஆயிரம் ரூபாய் அளவில் வரும். சில சமயம் மாநில அரசு கூடுதலாக அறிவிப்பதுண்டு. 2021 ஜனவரி மழைக்கு 20,000 ஆக்கி, 2 ஹெக்டேர் வரம்பையும் எடுத்தார்கள். ஆகவே ஒவ்வொரு மழைக்கும் அரசாணையைப் பார்த்துத்தான் தொகை சொல்ல முடியும்.

இது சாகுபடிச் செலவுக்கான உதவி மட்டுமே, விளைச்சலுக்கு ஈடு இல்லை. உழவு, விதை, நடவு, களை எல்லாம் சேர்த்தால் இந்தத் தொகை எந்த மூலைக்கும் காணாது. அதற்காக விட்டுவிடவும் கூடாது.

நிவாரணம் கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் சேர்ந்து எடுக்கும் கூட்டுக் கணக்கெடுப்பில்தான் தொடங்குகிறது. சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, சேத சதவீதம், வங்கிக் கணக்கு எல்லாம் அந்தப் பட்டியலில் ஏறும். பிறகு வட்டாட்சியர், வேளாண்மை உதவி இயக்குநர் வழியாக ஆட்சியருக்குப் போகும். மேலே போன பிறகு திருத்துவது பெரும்பாடு. பட்டியல் கிராமத்தில் இருக்கும்போதே உங்கள் பெயர் உள்ள பதிவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கொடுக்க வேண்டியவை: சிட்டா (நில உரிமை விவரம்), நடப்புப் பசலி (வருவாய்த் துறை ஆண்டு) அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவு, ஆதார், வங்கிப் புத்தக நகல். அடங்கலில் போன வருஷப் பசலியைக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் நிறைய. அதில் நிலம் தரிசு என்றோ வேறு பயிர் என்றோ இருந்தால் மனு அங்கேயே விழுந்துவிடும்.

நாற்றங்கால்:
தம்பி, யூரியா கேள்விக்கு வருகிறேன். பயிரைக் காப்பாற்றுங்கள், நிவாரணத்துக்காகச் சாக விடாதீர்கள். தண்ணீர் நிற்கும்போதே வயலின் நாலு மூலையிலும் நடுவிலும் இடக்குறியீடும் தேதியும் விழும்படி படம் எடுத்துவிடுங்கள். ஒரு நெற்குத்தை மட்டும் படம் எடுத்தால் பயனில்லை. வரப்பு, பக்கத்துக் கம்பம், வாய்க்கால் மதகு ஏதாவது படத்தில் தெரிய வேண்டும். ஒரு மனு எழுதி கிராம நிர்வாக அலுவலரிடமும் வேளாண் விரிவாக்க மையத்திலும் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

சப் 1 ரகம் என்பதால் அதிகாரிகள் "இது மூழ்கினாலும் தாங்கும்" என்பார்கள். தூர் கட்டும் பருவத்தில் இரண்டு வாரம் வரை தாங்கும் என்பது சரிதான். பூக்கும் பருவத்தில் மூழ்கினால் அந்தக் குணம் கைகொடுக்காது. பச்சை இலையை மட்டும் பார்த்து எழுத விடாதீர்கள். குத்தைப் பிடுங்கிக் காட்டுங்கள்: வெள்ளை வேர் புதிதாக விட்டிருந்தால் தேறும், வேர் கறுத்து, முட்டை அழுகிய வாடை அடித்து, குருத்தை இழுத்தால் கையோடு வந்துவிட்டால் அது போன பயிர். கதிர் வந்த வயலாக இருந்தால் கதிரை உருவிப் பதரை எண்ணிக் காட்டலாம்.

உரம்: தண்ணீர் நன்றாக வடிந்த பிறகு ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். தண்ணீர் நிற்கும்போது போட்டால் உரம் வடிகாலோடு போய்விடும்.

மகசூல்:
காப்பீடு இருந்தால் நிவாரணம் இல்லை என்பது தவறு. நிவாரணம் அரசு நிதி. காப்பீடு நீங்கள் 1.5 சதவீதம் பிரீமியம் கட்டிய ஒப்பந்தம். இரண்டும் தனித்தனி.

ஆனால் காப்பீட்டில் உங்கள் வயலைத் தனியாகப் பார்த்துப் பணம் தருவார்கள் என்று எண்ண வேண்டாம். நெல்லுக்கு வருவாய்க் கிராமம்தான் அலகு. அங்கே நடக்கும் அறுவடைப் பரிசோதனைகளின் சராசரி, உத்தரவாத மகசூலைவிட (அந்தக் கிராமத்துக்குக் காப்பீட்டில் நிர்ணயித்த அளவு) எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதம்தான் இழப்பீடு. உத்தரவாதம் ஏக்கருக்கு 2,000 கிலோ, கிராமச் சராசரி 1,500 என்றால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம். உங்கள் வயல் முழுக்க அழுகி, மேட்டு வயல்கள் நன்றாக விளைந்தால் ஒன்றும் வராமல் போகலாம். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரருக்கு இதுதான் பெரிய அநியாயம்.

காப்பீட்டில் தனி வயலின் வெள்ளச் சேதத்தைப் பார்த்து இழப்பீடு தரும் பிரிவிலிருந்து நெல்லை 2018இல் நீக்கினார்கள். 2026 காரீஃப் (மழைக்காலப் பயிர்ப் பருவம்) முதல் மீண்டும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. இனி கட்டுபவர்கள் மாநில அறிவிக்கையில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 72 மணி நேரத்துக்குள் பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ 14447 எண்ணிலோ தெரிவிக்க வேண்டும். அறுத்து வயலில் காயப்போட்ட நெல் 14 நாளுக்குள் புயல் மழையில் நனைந்தாலும் இதே 72 மணி நேரம்தான்.

கடைமடை:
நன்றி ஐயா. கூட்டுப் பட்டாவுக்கும் கோயில் நிலத்துக்கும் என்ன செய்வது?

வெண்ணாறு:
கோயில் நிலத்துக்கு அடங்கலில் சாகுபடிதாரராக உங்கள் பெயர் இருக்க வேண்டும். குத்தகை ரசீதை வைத்து இப்போதே பதியச் சொல்லுங்கள். பாக்கி இருந்தால் கோயில் தரப்பில் சான்று தர இழுப்பார்கள், அதை முதலில் பேசி முடியுங்கள். கூட்டுப் பட்டாவுக்கு வாரிசுச் சான்று, மற்ற பங்காளிகளின் ஒப்புதல் கடிதம், நீங்கள்தான் அனுபவிக்கிறீர்கள் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்று. பங்காளிகள் தனித்தனியாக ஒரே உட்பிரிவைக் கொடுத்து, கூட்டுத்தொகை பட்டாப் பரப்பைத் தாண்டினால் எல்லார் மனுவும் நிற்கும். யாருக்கு எத்தனை சென்ட் என்று முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக வங்கி. சிண்டிகேட், ஆந்திரா, கார்ப்பரேஷன் வங்கிப் பழைய புத்தகமென்றால், அவை வேறு வங்கிகளோடு இணைந்துவிட்டதால் ஐ.எஃப்.எஸ்.சி. (கிளைக் குறியீடு) மாறியிருக்கும்; புதுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். ஆதார் வழியாக அனுப்பினால் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும், அது எந்த வங்கி என்று கேட்டுவிடுங்கள். பட்டியலில் பெயர் விட்டுப்போயிருந்தால் மனுநகலோடு ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் பதிவு செய்யுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், உங்கள் சர்வே எண்ணுக்கு எழுதிய சேத சதவீதத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.