மொறிஸ் மைனர்: 948ஆ 1098ஆ? ஏற்றத்தில காபரேட்டர் துப்புது

கேள்வி:
1959 மொறிஸ் மைனர் 1000 கார். பழைய 948 சிசி என்ஜினை இறக்கிப்போட்டு, 1098 எண்டு சொல்லி வித்த என்ஜின் ஒண்டை ஏத்தியிருக்கு. காபரேட்டர் மட்டும் பழசு. சமதரையில பிழையில்லை. கடுகண்ணாவ ஏற்றத்தில மிதிச்சால் ஒரு கணம் செத்துப்போய், பிறகு காபரேட்டருக்குள்ளால 'பட் பட்' எண்டு துப்புது. பொயின்ற் (டிஸ்ரிபியூட்டருக்குள்ள மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டுற இணைப்பு) இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025. பேசாமல் 948ஐயே திரும்பப் போடட்டோ?

மறுமொழி 1:
முதல்ல அது 1098தானோ எண்டு பாருங்கோ தம்பி. டைனமோவுக்கு மேல புளொக்கில ஒரு தகடு இருக்கும். நம்பர் 10எம்ஏ எண்டு தொடங்கினால் 1098, 9எம் எண்டால் 948. ஆனால் தகடு வெறும் றிவெற், ஆரும் மாத்தலாம். றொக்கர் மூடியைக் கழட்டினால் ஹெட்டில வார்ப்பு நம்பர் தெரியும். 12ஜி202 எண்டால் 1098 மைனரின்ர ஹெட். அதுவும் முழுச் சாட்சி இல்லை, ஹெட் 948லயும் இருக்கும். பிளக் ஓட்டைக்குள்ள கம்பி விட்டு ஸ்ட்ரோக் (என்ஜின் பிஸ்டன் ஏறி இறங்கிற தூரம்) அளக்கிற வேலை இதில சரிவராது, ஓட்டை சரிவு. ஹெட் கழட்டுற நாளில அளவுங்கோ: 948க்கு 76.2 மி.மீ., 1098க்கு 83.7.

மறுமொழி 2:
எது திறம் எண்டால், எதுக்கு எண்டு கேக்க வேணும். 948 37 குதிரை வலு, 1098 48. போர் (சிலிண்டரின்ர விட்டம்) 62.9 மி.மீ.இலிருந்து 64.6க்குத்தான் கூடினது, மிச்சம் முழுக்க ஸ்ட்ரோக். மெயின் பெயரிங் தண்டோ ரெண்டிலயும் அதே 1¾ அங்குலம், அதே மூண்டு பெயரிங். அதாலதான் 1098 கீழ் வேகத்தில நல்லா இழுக்கும், கூடச் சுத்தினால் கிராங்க் வளையப் பாக்கும். ஏற்றத்துக்கு 1098தான் என்ர தெரிவு.

ஆனால் உங்கட டிஃப் (பின் சில்லுகளைச் சுத்திற கியர்) விகிதம் இன்னும் 4.55 எண்டால், 1098க்கு வந்த 4.22ஐ விட அதே வேகத்துக்கு என்ஜின் 8 வீதம் கூடச் சுத்தும். அதோட 948 கிளட்ச் 6¼ அங்குலம், 1098க்கு 7¼. பறக்கும் சில்லு, பின் தகடு, கிளட்ச் மூண்டும் கியர்பொக்ஸுக்குப் பொருந்தின ஒரே செற்றாய் இருக்க வேணும். முன் பிறேக் டிரம்மும் 7 அங்குலத்திலிருந்து 8 ஆனது இந்த என்ஜினோடதான். அதையும் மறக்காதேங்கோ.

மறுமொழி 3:
துப்பிறது காத்துக் கூடி பெற்றோல் குறைஞ்ச கலவை. எஸ்யூ காபரேட்டரின்ர உடம்பு ரெண்டுக்கும் 1¼ அங்குலம், அதால பூட்டுப்படும். உள்ள பெற்றோலை அளந்து விடுற ஊசிதான் வேற. 1098க்கு ஏஎன். காபரேட்டருக்குள்ள ஏறி இறங்கிற பிஸ்டனின்ர பக்கத் திருகாணியைத் தளர்த்தி ஊசியை இழுங்கோ, மறைஞ்சிருந்த தண்டில எழுத்து அடிச்சிருக்கும். திருப்பிப் போடேக்க ஊசியின்ர தோள் பிஸ்டன் அடியோட மட்டமாய் நிக்க வேணும். மேல ஏறினால் கலவை கூடும், இறங்கினால் குறையும்.

கேட்டவர்:
கழட்டிப் பாத்தன். ஏஎன் இல்லை. டாஷ்பொட்டுக்குள்ள (அந்தப் பிஸ்டனுக்கு மேல எண்ணெய் விடுற இடம்) ஒரு சொட்டு எண்ணெயும் இல்லை, கறுப்பு மூடி காய்ஞ்சு கிடக்கு.

மறுமொழி 3:
அப்ப 'செத்துப்போறது' எங்க இருந்து எண்டு தெரிஞ்சுது. எண்ணெய் இல்லாட்டி மிதிச்ச உடன பிஸ்டன் துள்ளி ஏறும், காத்து முந்தும், பெற்றோல் பிந்தும். எஸ்ஏஇ 20 எண்ணெய், உள்குழாயின்ர வாய்க்கு மேல அரை அங்குலம் வரை விடுங்கோ.

பிறகு ஏஎன் ஊசி. ஜெற் நட்டை (ஊசி இறங்கிற பெற்றோல் வாயை ஏத்தி இறக்கிற நட்டு) மேல முழுக்க இறுக்கி, அதிலிருந்து 12 பக்கம், அதாவது ரெண்டு சுத்து, இறக்குங்கோ. என்ஜின் சூடான பிறகு தூக்கு முள்ளால பிஸ்டனை 1/32 அங்குலம் உயர்த்துங்கோ. சத்தம் ஏறி நிண்டால் பெற்றோல் கூட, நட்டை ஒரு பக்கம் ஏத்துங்கோ. விழுந்தால் குறைவு, இறக்குங்கோ. ஒருக்கா மெல்ல ஏறித் திரும்பி அடங்கினால் சரி. ஒவ்வொரு பக்கமாய்த்தான், அவசரப்படாதேங்கோ.

மறுமொழி 1:
இதுக்கு முதல் வால்வ் இடைவெளி பாத்தாச்சோ? குளிர்ந்த என்ஜினில 0.012 அங்குலம். கூட்டுத்தொகை ஒன்பது எண்ட கணக்கில: 8ஆம் வால்வ் முழுக்கத் திறந்து நிக்கேக்க 1ஐ, 6 திறந்து நிக்கேக்க 3ஐ. இன்லெற் வால்வ் இறுகிக் கிடந்தாலும் இப்பிடித்தான் துப்பும். பிறகு புது ஊசியைக் குறை சொல்லுவியள்.