20 இஞ்ச் மடக்கு சைக்கிளில் 52 பல்: ஏற்காடு ஏறுமா?

சேலம்_மிதி:
26 இஞ்ச் கியர் சைக்கிள் வைத்திருக்கிறேன். முன்னால் மூன்று பல்சக்கரம்: 42, 34, 24 பல். பின்னால் 14 முதல் 28 பல் வரை ஏழு. மாதம் ஒரு ஞாயிறு ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்காமல் ஏறுவேன். வேகத்தை மட்டும் கேட்காதீர்கள், ஏழு கிலோமீட்டர்தான்.

ரயிலில் கொண்டுபோக வசதியாக 20 இஞ்ச் மடக்கு சைக்கிள் ஒன்று பார்த்திருக்கிறேன். பின்னால் அதே 14–28, முன்னால் ஒரே சக்கரம், 52 பல். நண்பர் “52-ஆ? முட்டி கழன்றுவிடும்” என்கிறார். கடைக்காரர் “சின்ன வீல் சார், பூ மாதிரி மிதிக்கும்” என்கிறார். யாரை நம்புவது?

பழைய_செயின்:
ஆளுக்குப் பாதி சரி. நண்பர் பல்லை மட்டும் பார்க்கிறார், கடைக்காரர் வீலை மட்டும். பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி எத்தனை மீட்டர் போகிறது? அதைப் பாருங்கள். முன்பல்லைப் பின்பல்லால் வகுத்து, வீலின் ஒரு சுற்றுத் தூரத்தால் பெருக்கினால் வந்துவிடும்.

டயரில் இருக்கும் 20, 26 எல்லாம் பெயருக்குத்தான். டியூப் வால்வு தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, மேலே உட்கார்ந்து ஒரு சுற்று உருட்டி அளக்க வேண்டும். (வாசலில் இதைச் செய்தபோது என் மனைவி பார்த்த பார்வை வேறு கதை.) என் வண்டிகளில் 26-க்கு 205 செ.மீ., 20-க்கு 154 வந்தது.

உங்கள் கணக்கு: வேகமான கியர் பழையதில் 6.15 மீட்டர், புதியதில் 5.72. பெரிய வித்தியாசமில்லை. இடிப்பது ஏற்றத்தில்தான். பழையதில் 24/28 போட்டால் 1.76 மீட்டர், மடக்கில் 52/28, 2.86 மீட்டர். ஏழு கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 41 மிதிதான் வரும். முட்டி பேசும்.

வாங்காமலே சோதிக்கலாம். பழைய வண்டியில் முன்னால் 34, பின்னால் 24 பல் போட்டால் 2.90 மீட்டர். அதிலேயே ஏறிப் பாருங்கள்.

இரண்டு_வீல்:
வெளிநாட்டு அட்டவணைகளில் ‘கியர் இஞ்ச்’ என்று இருக்கும், பயப்பட வேண்டாம். 1870, 80-களில் ஓடிய பெரிய முன்வீல் வண்டிகளுக்குச் செயின் கிடையாது, பெடல் நேராக வீலில். வீலின் விட்டம்தான் கியர். 72 என்றால் 72 இஞ்ச் வீலை நேராக மிதிப்பதற்குச் சமம். அதை 3.14-ஆல் பெருக்கினால் பெடல் சுற்றுக்கு எத்தனை இஞ்ச் என்று தெரியும்.

சேலம்_மிதி:
34/24-இல் போனேன். ஆறாவது வளைவில் கால் ஊன்றிவிட்டேன். நண்பருக்கு ஒரே சிரிப்பு.

பழைய_செயின்:
முன்னால் 42 போடச் சொல்லுங்கள். ஏற்றத்தில் பின்னால் 28 போட்டால் 2.31 மீட்டராகும். சமதரையில் பின்னால் 14 போட்டு நிமிடத்துக்கு 80 மிதித்தால் 22 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும், போதும். பல்சக்கரம் போல்ட்டில் இருந்தால் மாற்றுவது சுலபம். போல்ட் வட்டம் (போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 130 மி.மீ. என்றால் 38 வரைகூட இறங்கலாம். கழற்ற முடியாதபடி ரிவெட் அடித்திருந்தால் கிராங்க்கோடு (பெடல் மாட்டும் கை) மாற்ற வேண்டும். செயினையும் குறைக்க வேண்டியிருக்கும். முன்பணம் கொடுக்கும் முன் குனிந்து பார்த்துவிடுங்கள்.

சேலம்_மிதி:
பார்த்தேன். ரிவெட்.